திக்குவாய் போகவில்லை, தாழ்வு மனப்பான்மைதான் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். திக்குகிறவர்களிடம் ஒரு ரகசிய வித்தை உண்டு. வாயில் சிக்கப்போகிற சொல்லை முன்கூட்டியே உணர்ந்து வேறு சொல்லுக்குத் தாவிவிடுவோம். எனக்கு 'ப' வராது. அதனால் 'பணம்' என்று சொல்லாமல் 'காசு' என்பேன். கேட்கிறவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் வேத வசனத்தை அப்படி மாற்ற முடியுமா? 'பரிசுத்தம்' என்று இருந்தால் 'பரிசுத்தம்' என்றுதானே வாசிக்க வேண்டும்? ஆராதனையில் வேதபாடம் வாசிக்கப் போதகர் அழைக்கும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லிக் கழன்றுகொள்வேன்.

இதில் ஒரு வேடிக்கை. சபையோடு சேர்ந்து சங்கீதம் வாசித்தால் எனக்குத் திக்காது. பாடினாலும் திக்காது. கூட்டத்தில் சுகம் தருகிற ஆண்டவர் தனியாக நின்றால் மட்டும் ஏன் கைவிடுகிறார் என்று மனம் நொந்ததுண்டு. பேச்சுப் பயிற்சியாளர்தான் விளக்கினார்: பலரோடு ஒரே குரலாகச் சொல்லும்போது திக்குகிற பெரும்பாலோருக்குத் திக்கல் நன்றாகக் குறையுமாம். விசுவாசிக்கும் அப்படித்தான், விசுவாசம் இல்லாதவருக்கும் அப்படித்தான். இதைக் கேட்டபோது ஒரு பாரம் இறங்கியது. திக்கல் என் ஜெபத்துக்குக் கிடைத்த மதிப்பெண் இல்லை.

அப்புறம் யாத்திராகமம் 4ஆம் அதிகாரம். ஜனங்களை எகிப்திலிருந்து மீட்கக் கர்த்தர் அனுப்பும்போது, மோசே தன்னைத் 'திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன்' என்கிறார். தேவரீர் என்னோடு பேசிய பிறகும் இது மாறவில்லையே என்று கொஞ்சம் குறையாகவே சொல்கிறார். அதற்குக் கர்த்தர் நாவைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லவில்லை. 'நான் உன் வாயோடே இருந்து' என்கிறார். மோசே மறுபடியும் தயங்க, கர்த்தருக்குக் கோபம்கூட வருகிறது. ஆனாலும் துணைக்கு மோசேயின் அண்ணன் ஆரோனைத் தருகிறார். பிற்பாடு பார்த்தால் உபாகமம் ஏறக்குறைய முழுவதும் மோசே ஜனங்களிடம் பேசிய பேச்சுதான். நடுவில் நாவு குணமானதாக ஒரு வரிகூட இல்லை! எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்த முறை போதகர் கேட்டபோது சரி என்றேன். வாசித்தேன், பல இடங்களில் திக்கினேன். சபை காத்திருந்தது. 'பார்வோன்' என்ற பெயரில் நெடுநேரம் நின்றேன், அப்போதும் காத்திருந்தது. முடித்துவிட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. கண்ணீர், கைதட்டல் எதுவும் இல்லை. அது இல்லாததுதான் எனக்குப் பிடித்திருந்தது.

* * *

பிரதர், உங்கள் சாட்சியை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு வெண்புள்ளி. முகத்திலும் கைகளிலும் இருக்கிறது. சிலர் இன்னமும் 'வெண்குஷ்டம்' என்று சொல்லிவிட்டு ஓர் அடி தள்ளி நிற்கிறார்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது தொற்றாது. உடலின் எதிர்ப்பு சக்தியே நிறம் தருகிற செல்களைத் தாக்குவதால் வருவது.

வெளியாட்கள் பேசுவதைப் பொறுத்துக்கொண்டேன். ஜெபக்கூட்டத்தில் ஒரு மூத்த சகோதரி, "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா பாரும்மா" என்றதைத்தான் தாங்க முடியவில்லை. சீஷர்களும் பிறவிக் குருடனைக் காட்டி இதே கேள்வியைக் கேட்டார்கள் (யோவான் 9). இயேசுவின் பதில் எல்லாருக்கும் தெரியும்: இவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல. தெரிந்தும் கேட்கிறோம்!

உண்மையைச் சொல்கிறேன், 'பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால்' என்ற சங்கீத வசனம் ரொம்ப காலம் எனக்கு உதவவில்லை. தெளிவான முகம் உள்ளவர்கள் அதை என்னிடம் சொல்லும்போது எரிச்சல்தான் வந்தது. என்னைத் தொட்டது ஆதியாகமத்தில் வருகிற லேயாள், யாக்கோபின் மனைவி. கூச்சப்பார்வை உள்ளவள், அதே கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட அழகான தங்கைக்குப் பக்கத்திலேயே வாழ வேண்டியவள். முதல் மூன்று பிள்ளைகள் பிறந்தபோதும் அவள் மனமெல்லாம் கணவன்மேலேயே. இனி என்னை நேசிப்பார், இனி என்னோடு சேர்ந்திருப்பார் என்ற ஏக்கம். நாலாவது பிள்ளைக்கு மட்டும் 'இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்' என்கிறாள். கணவன் மாறியதாக வேதம் சொல்லவில்லை, அவள் கண் மாறியதாகவும் சொல்லவில்லை. அந்த நாலாவது பிள்ளைதான் யூதா. இயேசு பிறந்த வம்சம் அவன் வழியாகத்தான் வருகிறது.

ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே லேயாள் மறுபடியும் தங்கையோடு போட்டி போடுகிறாள்! முதலில் இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது, இப்போது ஆறுதலாக இருக்கிறது. ஒரு நாள் துதித்துவிட்டு மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று அழுதால் நான் பின்வாங்கிப்போனவள் என்று அர்த்தமில்லை. எனக்கும் அப்படித்தான் நடக்கிறது. முன்பு முழங்கை தெரியாமல் மூடிக்கொண்டுதான் ஞாயிறு பள்ளிக்குப் போவேன். இப்போது மூடுவதில்லை. புதிதாக வருகிற பிள்ளை "இது என்ன மிஸ்?" என்று கேட்கும். சொல்வேன். கேட்டுவிட்டுக் கதைக்குப் போய்விடும். பெரியவர்கள்தான் போகமாட்டார்கள்.

* * *

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. நான் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறேன்.

எனக்கு வெளியே தெரிகிற குறை எதுவும் இல்லை. எதற்கும் லாயக்கில்லாதவன் என்று உள்ளே ஒரு குரல் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். வாலிபர் கூடுகையில் "அன்று இரவே விடுதலை கிடைத்தது" என்று சாட்சி கேட்கும்போதெல்லாம் அந்தக் குரல் இன்னும் சத்தமாகும்: பார், அவனுக்குக் கிடைத்தது, உனக்கு இல்லை. அப்போஸ்தலன் பவுல் தன்னை வருத்திய ஒரு பலவீனத்தை 'முள்' என்கிறார், அதை எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் கர்த்தரிடம் வேண்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 12). முள் போனதாக எழுதவில்லை, 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதிலைத்தான் எழுதினார். அதே நிருபத்தில் 10:10ஐப் பாருங்கள். இவர் எழுதும்போதுதான் பலசாலி, நேரில் ஆளும் பலவீனம் பேச்சும் அற்பம் என்று சொன்னார்களாம். அதை மறைக்காமல் அவரே எழுதி வைத்திருக்கிறார். என்னைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் ஒரு வாரம் சாப்பிடமாட்டேன்.

மனநல ஆலோசகரிடமும் போகிறேன். "விசுவாசக் குறைவு" என்று ஒருவர் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேதம் வாசிக்கிறார் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். ஆலோசகர் ஒரு பயிற்சி கொடுத்தார்: அந்தக் குரல் சொல்வதை அப்படியே எழுதி, அதையே நண்பனிடம் சொல்வாயா என்று பார்க்க வேண்டும். நான் ஒரு படி சேர்த்துக்கொண்டேன். இயேசு இதை யாரிடமாவது சொல்லியிருப்பாரா என்றும் பார்க்கிறேன். வரி வசூலிக்கிற பாவி என்று ஊரார் ஒதுக்கிய சகேயுவிடம் சொன்னாரா? தன்னைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவிடம் பிறகு கடற்கரையில் சொன்னாரா? நோட்டில் அந்தப் பக்கங்கள் கூடிக்கொண்டே போகின்றன. குரல் நின்றுவிடவில்லை. ஆனால் அது ஆண்டவருடைய குரல் இல்லை என்று இப்போது அடையாளம் தெரிகிறது.

அண்ணாவிடம் ஒரு கேள்வி. எங்கள் சபையிலும் திக்குகிற ஒரு தம்பி இருக்கிறான். ஜெபம் ஏறெடுக்கும்போது சிக்கிக்கொண்டால் நாங்கள் சொல்லை எடுத்துக் கொடுக்கலாமா?

* * *

வேண்டாம் தம்பி. எடுத்துக் கொடுத்தால் அந்த வாக்கியம் அவனுடையது இல்லை என்றாகிவிடும். "மெதுவாகப் பேசு", "பதறாதே" என்றும் சொல்ல வேண்டாம், அது இன்னும் இறுக்கும். மற்றவர்கள் ஜெபிக்கும்போது எப்படி இருப்பீர்களோ அப்படியே கண்ணை மூடிக் காத்திருங்கள். அவன் முடித்ததும் எப்போதும்போல ஆமென் சொல்லுங்கள்.