புதுப்பிப்பு: கெக்கோவின் விரல்களில் ஒட்டியிருந்த பழைய தோல்

போன வாரம் எழுதியிருந்தேன்: என் லெப்பர்ட் கெக்கோ (நான் வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) தோலுரித்த பிறகும் முன்னங்கால் விரல்கள் மூன்றில் பழைய தோல் மோதிரம் போல இறுகி நின்றுவிட்டது, பிடுங்கிவிடலாமா என்று. நல்லவேளை, பிடுங்கவில்லை. காய்ந்த தோலை இழுத்தால் கீழே இருக்கும் புதுத்தோலும் கிழியும். அப்படியே விட்டாலோ ரத்த ஓட்டம் தடைபட்டு விரலே போய்விடும்.

மூடியில் துளை போட்ட டப்பாவில், விரல் மட்டும் நனையும் அளவுக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி தினமும் 15 நிமிடம் விட்டேன். அப்புறம் ஈரமான பஞ்சுக்குச்சியால் அடியிலிருந்து நுனிப்பக்கமாக மெதுவாக உருட்டினேன். முதல் நாள் ஒன்றும் நகரவில்லை. மனம் பதறியது. இரண்டாம் நாள் இரண்டு விரல்கள் விடுபட்டன.

மூன்றாவது விரல் நுனி கறுத்திருந்ததால் மருத்துவரிடம் காட்டினேன். மிச்சத் தோலை அவர் எடுத்துவிட்டார். நகம் போய்விட்டது, விரல் பிழைத்தது.

காரணம் என் கவனக்குறைவுதான். தோல் எளிதாகக் கழல அதன் கூண்டில் வைத்திருக்கும் ஈரமான மறைவிடத்தில், ஈரத்துக்காகப் போட்டிருந்த பாசி காய்ந்து கிடந்தது. உரித்த தோலைக் கெக்கோவே தின்றுவிடுவதால், எல்லாம் கழன்றுவிட்டது என்று நினைத்துவிட்டேன். இப்போது பாசியைத் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். தோலுரிக்கப்போவதன் அறிகுறியாக அதன் உடல் வெளிறத் தொடங்கினால் கூடுதலாக நீர் தெளிக்கிறேன். உரித்து முடித்ததும் விரல்கள், வால்நுனி, கண்ணிமை மூன்றையும் வெளிச்சத்தில் பார்க்கப்போகிறேன். கண்ணில் ஒட்டியிருந்தால் மட்டும் நானாகத் தொடமாட்டேன், நேராக மருத்துவரிடம்தான்.

நேற்றிரவு மறுபடி புழு தின்றது.