மூன்று அச்சாரம் போன கதை, அப்புறம் அந்த அம்புக்குறி

அண்ணன்மார், அக்காமார், மாமா, தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

பங்குனியில் கோவில் கணக்குப் பார்க்கும் மாமா நம் மின்மடல் குழுவில் கேட்டிருந்தார், கூத்துக்கு அச்சாரம் 10,000 ரூபாய், ஞாயிற்றுக்கிழமைக்குள் யார் அனுப்புகிறீர்கள் என்று. மஸ்கட்டிலிருந்து நான் அனுப்பினேன், பெங்களூரு அண்ணன் ஒருவர் அனுப்பினார், சிங்கப்பூர் தம்பியும் அனுப்பினான். மூவருமே "நான் பார்த்துக்கிறேன் மாமா" என்று பதிலும் போட்டோம். மூன்று பதிலும் மாமாவுக்கு மட்டும் போனது. அவர் ஒரு பத்தைக் கூத்துக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, மீதி இரண்டும் அன்னதானத்துக்கு என்று எடுத்துக்கொண்டு தருமபுரி போய் அரிசி மூட்டை இறக்கிவிட்டார். சாப்பாடு அமோகமாம். படுகளத்தன்று கூத்துக்காரர்களுக்குப் பாக்கி கொடுக்கத்தான் மறுபடி எல்லோரிடமும் கை நீட்ட வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஆனது தெரியுமா? முன்பெல்லாம் நம் குழுவில் பதில் போட்டால் எல்லோருக்கும் போகும். ஒருவர் தன் பங்காளித் தகராறை, கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்பது வரைக்கும், மச்சானுக்கு என்று நினைத்து ஊருக்கே அனுப்பினாரே, அந்த வாரம் நான்தான் அமைப்பை மாற்றினேன். இப்போது ரிப்ளை அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும் போகும். மானம் தப்பியது, ஆனால் பதில்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன. பழையபடி மாற்றச் சொல்லாதீர்கள், மாற்ற மாட்டேன். மடல் பார்க்க தண்டர்பேர்டு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு 'ரிப்ளை லிஸ்ட்' என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது, கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் அழுத்தினாலும் போதும். குழு மடலின் ஹெடரில், அதாவது மடலோடு வரும் விவரப் பகுதியில், 'லிஸ்ட்-போஸ்ட்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், 1998-ல் வந்த ஏற்பாடு அது, அதைப் பார்த்துத்தான் இந்தப் பொத்தான் தோன்றுகிறது. காசு, தேதி, வண்டி என்று எதை ஒப்புக்கொண்டாலும் அதில் அனுப்புங்கள். வீட்டு விஷயத்துக்கு வெறும் ரிப்ளை.

அடுத்தது அந்த அம்பு. மடலுக்குப் பக்கத்தில் வளைந்த அம்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறோம். அது நீங்கள் பதில் எழுதினீர்கள் என்று உங்கள் பெட்டிக்கு நீங்களே குத்திக்கொண்ட முத்திரை, அவ்வளவுதான். "பார்க்கிறேன்" என்று ஒரு சொல் எழுதினாலும் அம்பு வரும். அடுத்தவர் பதில் சொன்னாரா என்பது அதில் தெரியாது. அச்சார விஷயத்தில் எங்கள் மூன்று பேர் திரையிலும் அம்பு அழகாக வளைந்துதான் நின்றது.

படித்தது, படிக்காதது விவகாரம் இதைவிட மோசம். ஊர் போர்வெல் மோட்டார் எரிந்துபோன மடலை விடியற்காலை கம்பெனி பஸ்ஸில், பாதித் தூக்கத்தில், ஃபோனில் திறந்தேன். மடல்கள் சர்வரிலேயே இருந்து எல்லாக் கருவியிலும் ஒன்றுபோலத் தெரியும் ஐமேப் முறையில் இருக்கிறேன் அல்லவா, ஃபோனில் திறந்ததுமே சர்வரில் 'படித்தாயிற்று' என்று ஏறிவிட்டது, ராத்திரி மடிக்கணினியில் பார்த்தால் தடித்த எழுத்து போய், மற்ற மடல்களோடு அதுவும் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. ஆறு நாள் கழித்து அம்மா ஃபோனில் திட்டித்தான் ஞாபகம் வந்தது. (மடலை அந்தந்தக் கருவிக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் இருப்பவர்களுக்கு நேர் எதிர், ஃபோனில் படித்தது வீட்டுக் கணினிக்குத் தெரியவே தெரியாது.) இப்போதெல்லாம் பதில் சொல்ல நேரமில்லாத மடலைத் திறந்துவிட்டால் தண்டர்பேர்டில் எம் அழுத்தி மறுபடி படிக்காததாக்கிவிடுவேன், இல்லாவிட்டால் எஸ் அழுத்தி நட்சத்திரம் போடுவேன், அது ஃபோனிலும் தெரியும். அமைப்புகளில் '5 வினாடி திறந்திருந்தால் மட்டும் படித்ததாகக் கொள்' என்றும் வைக்கலாம், சும்மா எட்டிப் பார்ப்பவர்களுக்கு நல்லது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். புதுச் செய்திக்குப் புது மடல் எழுதுங்கள். பழைய மடலுக்கு ரிப்ளை அழுத்தி, தலைப்பை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளே பழைய மடலின் அடையாள எண் கூடவே போகும், மடலையும் அதன் பதில்களையும் ஒரே இழையாகச் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு அது பழைய பேச்சின் அடியிலேயே போய்ச் சேரும். மேலத்தெரு பாட்டி தவறிய செய்தி, பெங்களூரா மாங்காய்க்கு கூழ் ஃபேக்டரிக்காரர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற சண்டைக்குக் கீழே கிடந்தது. அந்தச் சண்டை தாங்காமல் நான் ஏற்கெனவே கே அழுத்தி அந்த இழையையே ஒதுக்கி வைத்திருந்தேன். சின்ன வயதில் எனக்கு ராகிக் களி கிண்டிப் போட்ட கை. எனக்குத் தெரிந்தபோது காரியமே முடிந்திருந்தது.

சரி. ஆடி 18-க்கு ஒகேனக்கல் வேன் பற்றி மாமா நேற்று கேட்டிருக்கிறார். அதை நான் பேசிக்கொள்கிறேன், வேறு யாரும் முன்பணம் அனுப்பிவிட வேண்டாம். இந்த மடலுக்கு "சூப்பர் தம்பி" என்று எழுதத் தோன்றினால் தயவுசெய்து வெறும் ரிப்ளை.