ஜாயிண்ட் புரமோஷன்ஸ் பிரிட்டன் மல்யுத்தத்தை வாழவைத்ததா, கழுத்தை நெரித்ததா?

கட்டாரி:
போன வாரம் பழைய மல்யுத்த வீடியோக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மணியோசை ஐயா ஒரு வரி எழுதியிருந்தார்: "ஜாயிண்ட் புரமோஷன்ஸ் மட்டும் இல்லையென்றால் பிரிட்டனில் மல்யுத்தம் ஐம்பதுகளிலேயே முடிந்திருக்கும்." எனக்கு அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. தனியாகவே பேசிவிடலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். 1952-ல் இங்கிலாந்தின் பெரிய புரமோட்டர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். யார்க்‌ஷயரில் நார்மன் மோரலும் டெட் பெரஸ்ஃபோர்டும், லீட்ஸில் ஜார்ஜ் டி ரெல்விஸ்கோ, லிவர்பூலில் பில்லி பெஸ்ட், மான்செஸ்டரில் ஆர்தர் ரைட், லண்டனும் தெற்கும் டேல் மார்ட்டின் கம்பெனிக்கு. ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் ஷோ நடத்த மாட்டார். எந்தப் பட்டம் யாருக்கு என்பதையும் அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள். வெளி ஆளுக்கு ஒரு ராத்திரி ஆடிவிட்டு வந்த வீரனுக்கு இவர்கள் ஹாலில் வேலை கிடையாது.

அப்புறம் டிவி வந்தது. 1955 நவம்பர் 9, லண்டனின் வெஸ்ட் ஹாம் பாத்ஸிலிருந்து ஐடிவி சேனலின் முதல் மல்யுத்த ஒளிபரப்பு. அன்று ஜாயிண்ட் பக்கம் திரும்பிய கேமரா, 1986 முடியும்வரை வேறு எந்தப் புரமோட்டர் பக்கமும் திரும்பவில்லை. முப்பத்தோரு வருஷம்! இதை வளர்ப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மணியோசை:
தம்பி, 1952-லிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான் கிடைக்கும். கொஞ்சம் பின்னால் போங்கள்.

1930 டிசம்பரில் 'ஆல்-இன்' மல்யுத்தம் என்று ஒன்று பிரிட்டனுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அத்தோல் ஓக்லி, பரம்பரைப் பட்டம் உள்ள குடும்பத்துக்காரர். வந்த புதிதில் ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. நாளாக நாளாக ஆளுக்கு ஆள் ஷோ நடத்த ஆரம்பித்தார்கள். ஒருவன் நாற்காலியைத் தூக்கி அடிக்கவைத்தால் அடுத்தவன் சேற்றில் உருளவைத்தான். கேள்வி கேட்க யாரும் இல்லை. கடைசியில் லண்டன் கவுன்டி கவுன்சிலே தடை போடும் நிலைமை வந்தது. நீங்கள் கேட்கும் சுதந்திரப் போட்டி அப்போது தாராளமாகவே இருந்தது. அது கொண்டுபோய் நிறுத்திய இடம் அந்தத் தடைதான்.

போருக்குப் பிறகு 1947-ல் மவுன்டிவான்ஸ் பிரபு தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து விதிகளை எழுதியது. (ஸ்காட்டோடு அண்டார்க்டிகா போன அதே எவன்ஸ்தான் இவர். எனக்கு எப்போதும் இது ஆச்சரியம்.) எடைப் பிரிவுகள், சுற்றுகள், பொது எச்சரிக்கை எல்லாம் அதில் வந்தவை. மூன்றாவது எச்சரிக்கை வாங்கினால் வெளியே. கீழே விழுந்தவனை எழ விடாமல் அடிக்கக்கூடாது. ஆனால் விதியைக் காகிதத்தில் எழுதிவிட்டால் போதுமா? அதை ஊர் ஊராக, ஹால் ஹாலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஜாயிண்ட். நகராட்சிகள் நம்பிக்கையோடு ஹாலை வாடகைக்கு விட்டதும் அதனால்தான்.

கட்டாரி:
ஐயா, அந்த விதிக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு எம்.பி., ஒரு ரேடியோ பிரபலம், அவர்களோடு நார்மன் மோரல். ஐந்து வருஷம் கழித்து கூட்டணி அமைத்தவர்களில் முக்கியமான அதே மோரல்! விதியை எழுதியவரே கடையும் போட்டார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆடிய உண்மையான மல்யுத்தக்காரர் அவர், அந்தத் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. பொதுவாக எழுதப்பட்ட விதி ஒரு கூட்டத்தின் சொத்தாக மாறியது எப்படி என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, பெர்ட் அசிராட்டி. ஹெவிவெயிட்டில் அந்தக் காலத்தில் அவரைப் பார்த்துப் பயப்படாத ஆளே கிடையாது. ஜாயிண்டோடு ஒத்துப்போகவில்லை, பட்டம் கையைவிட்டுப் போயிற்று. ரிங்கில் யாரும் அவரைத் தோற்கடித்துப் பறிக்கவில்லை.

சரி, பால் லிங்கனுக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மல்யுத்தக்காரர். ரே ஹன்டர் என்ற இன்னொரு மல்யுத்தக்காரரோடு சேர்ந்து 1956-ல் சோஹோவில், ஓல்டு காம்ப்டன் தெருவில், 'டூ ஐஸ்' காபி பாரை எடுத்து நடத்தினார். டாமி ஸ்டீல், கிளிஃப் ரிச்சர்டு எல்லாம் பாடி மேலே வந்த அதே நிலவறைக் காபிக்கடை. மேலே காபி, கீழே கிட்டார், ராத்திரி இவர் கறுப்பு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு 'டாக்டர் டெத்' ஆகிவிடுவார். டிவி ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. ஜாயிண்ட் கையில் இருந்த பெரிய ஹால்களும் கிடையாது. இருந்தும் கூட்டத்தைக் கட்டினார். ஐடிவியின் முதல் நாள் ஒளிபரப்பில் ஆடிய மைக் மரினோவே லிங்கன் பக்கம் வந்தார். பின்னாளில் அமெரிக்காவில் லார்டு ஆல்ஃபிரட் ஹேஸ் என்று கமென்டரி சொன்னாரே, அவர் இங்கே வெள்ளை மாஸ்க் போட்டு 'ஒயிட் ஏஞ்சல்' என்று ஆடினார். கறுப்பு மாஸ்க்கும் வெள்ளை மாஸ்க்கும் மோதும்போது போஸ்டர் பார்க்கிறவனுக்கு வேறு விளக்கம் எதற்கு?

புதுமுகம்:
கட்டாரி அண்ணா, இது நான் கேள்விப்படாத கதை. அவ்வளவு நன்றாக நடத்தினார் என்றால் லிங்கன் கம்பெனி என்ன ஆயிற்று?

மணியோசை:
அதற்கு நான் பதில் சொல்கிறேன், தம்பி. அறுபதுகளின் நடுவில் டேல் மார்ட்டினோடு இணைந்துவிட்டது. எந்தக் கூட்டணியை எதிர்த்து வளர்ந்தாரோ அதற்குள்ளேயே போய்விட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. வாரம் முழுக்க வேலை தருகிற அமைப்பு நாட்டில் அது ஒன்றுதான் இருந்தது. ஒரு வீரன் திங்கள் ஒரு ஊர், செவ்வாய் இன்னொரு ஊர் என்று வருஷம் பூராவும் ஆடிச் சம்பாதிக்க முடிந்தது என்றால் அது புரமோட்டர்கள் உட்கார்ந்து தேதி பேசிக்கொண்டதால்தான். தனியாக நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்தான் வேலை தர முடியும். குடும்பக்காரன் எங்கே போவான்?

அந்தக் கால நட்சத்திர வீரர்கள் மிக் மெக்மேனஸ் – ஜாக்கி பாலோ மோதலை நினைத்துப் பாருங்கள். 1963-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி நாளில் ஒளிபரப்பானது. கால்பந்துக்காக டிவி முன்னால் உட்கார்ந்த நாடு அதற்கு முன்பு மல்யுத்தம் பார்த்தது. அதே வருஷம் இளவரசர் ஃபிலிப் ஆல்பர்ட் ஹாலுக்கு வந்து மல்யுத்தம் பார்த்தார். சேற்றில் உருட்டிய காலத்துக்கு முப்பது வருஷம்கூட ஆகவில்லை. இந்த மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்தது யார்?

பிடிவாதக்காரன்:
இருவரும் அறுபதுகளிலேயே சுற்றுகிறீர்கள். எனக்கு வலிக்கிற இடம் எழுபத்தைந்துக்குப் பிறகுதான்.

பழைய புரமோட்டர்கள் விற்றுவிட்டு ஒதுங்கினார்கள். கம்பெனி கைமாறிக் கைமாறி வில்லியம் ஹில் என்ற பந்தயக் கம்பெனியிடம் வந்தது. 1975-ல் மேக்ஸ் கிராப்ட்ரீ பொறுப்புக்கு வந்தார். அவருக்கு ஷெர்லி என்று ஒரு சகோதரர். அறுபதுகளில் தனிப் புரமோட்டர்களிடம் பட்டம் வைத்திருந்தவர். மேலே கட்டாரி சொன்ன அசிராட்டி விடாமல் துரத்தித் தொல்லை கொடுத்ததால் 1966 வாக்கில் தொழிலையே விட்டுவிட்டுப் போனவர். அவரைத்தான் மேக்ஸ் 'பிக் டாடி' ஆக்கினார். மனைவி சோபா உறைத் துணியில் தைத்துக் கொடுத்த உடுப்போடு ரிங்குக்கு வந்தார்.

1981 ஜூன் 18, வெம்ப்ளி அரீனா. எதிரே ஜயன்ட் ஹேஸ்டாக்ஸ், ஏழடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இந்த வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டாடிக்கு அப்போது ஐம்பது வயது. ஒரு முட்டு, கயிற்றில் ஒரு சாய்வு, மறுபடி வயிற்றால் ஒரு முட்டு. அரங்கம் முழுக்க "ஈஸி! ஈஸி!" என்று கத்துகிறது. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, ஹேஸ்டாக்ஸ் கயிற்றைத் தாண்டி வெளியே விழுகிறார், முடிந்தது. பிடி என்று சொல்ல ஒரு பிடிகூட அதில் இல்லை. மவுன்டிவான்ஸ் விதி, சுற்று, எடைப் பிரிவு என்று மணியோசை ஐயா பெருமையாகச் சொன்ன அத்தனையையும் அதே ஜாயிண்ட் தூக்கி மூலையில் போட்டது.

டேக் மேட்ச், அதாவது ஜோடி சேர்ந்து, கூட்டாளியின் கையைத் தொட்டு ஆள் மாறி ஆடும் ஆட்டம், இன்னும் மோசம். ஒரு இளம் வீரனைக் கூட்டாளியாகப் போடுவார்கள். அந்தப் பையன் பத்து நிமிஷம் அடி வாங்குவான். கையைத் தொட்டதும் டாடி உள்ளே வந்து இரண்டு முட்டில் முடித்துவிடுவார். வாரா வாரம் இதே சமையல். நாட்டின் நல்ல வில்லன்கள் எல்லாம் அவருக்குப் படுக்க வேண்டும், அதாவது வேண்டுமென்றே தோற்க வேண்டும்.

மணியோசை:
பிடிவாதக்காரன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்கும் அந்த வெம்ப்ளி ஆட்டம் பிடிக்காது. ஆனால் மேக்ஸ் வந்தபோது பல ஹால்களில் பாதி நாற்காலி காலி. மெக்மேனஸ் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. குழந்தைகளையும் பாட்டிகளையும் திரும்ப ஹாலுக்குக் கொண்டுவந்தது டாடிதான். அதே ஜாயிண்ட் ஷோக்களில்தான் சடோரு சயாமா 'சாமி லீ' என்ற பெயரில் ஆடினார். இங்கிருந்து ஜப்பான் போய் 1981-ல் 'டைகர் மாஸ்க்' என்ற மாஸ்க் வீரர் ஆனார். டாடியைப் பார்க்க வந்த கூட்டம் அவரையும் பார்த்தது.

சகோதரரை மேலே தூக்கியதைத் தப்பு என்றால், லிங்கன் தன் சொந்த மாஸ்க்கையே மேலே தூக்கினாரே. போஸ்டரில் முதல் பெயர் டாக்டர் டெத், டிக்கெட் விற்கிறவரும் டாக்டர் டெத். அங்கே மட்டும் அது எப்படி வீரம் ஆயிற்று?

கட்டாரி:
நல்ல கேள்வி, ஐயா. லிங்கன் ஆட்டம் பிடிக்காதவனுக்கு அடுத்த தெருவில் வேறு ஷோ இருந்தது. பிக் டாடி பிடிக்காதவனுக்கு டிவியில் வேறு எதுவும் இல்லை. எனக்கு வித்தியாசம் அங்கேதான்.

இப்போது பிரையன் டிக்சனைப் பாருங்கள். ஜிம் பிரேக்ஸ் என்ற வீரரின் ரசிகர் மன்றத்தை நடத்திக்கொண்டிருந்த பையன். 1970-ல் பிர்கன்ஹெட்டில் சொந்தமாக ஷோ போட ஆரம்பித்தார். மனைவி மிட்ஸி முல்லரே ஒரு மல்யுத்த வீராங்கனை. லண்டனில் பெண்கள் மல்யுத்தத்துக்கு எழுபதுகளின் கடைசிவரை தடை இருந்த காலத்தில் பெண்களுக்கும் தன் ஷோவில் இடம் கொடுத்தார். டாடிக்குப் படுத்துப் படுத்துச் சலித்தவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்தார்கள். ரோலர்பால் ராக்கோ வந்தார், மாஸ்க் வீரர் கெண்டோ நாகசாகி வந்தார். பத்துப் பதினைந்து வருஷம் கேமரா இல்லாமலே அவர் இதை நடத்தினார்.

1987 ஜனவரியில்தான் ஐடிவி கதவைத் திறந்தது. ஜாயிண்டோடு டிக்சனின் ஆல் ஸ்டார் கம்பெனியும், அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.எஃப்-உம் முறை வைத்து வந்தன. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நாலு மணி என்றால் மல்யுத்தம் என்று நாட்டுக்கே பழகியிருந்த ஐடிவியின் சனிக்கிழமை விளையாட்டு நிகழ்ச்சி 'வேர்ல்டு ஆஃப் ஸ்போர்ட்' 1985 செப்டம்பரிலேயே நின்றுபோனது. 1988 டிசம்பரில் ஐடிவி மல்யுத்தத்தையே நிறுத்திவிட்டது. பத்து வருஷம் முன்னால் டிக்சனுக்குப் பாதி நேரம் கொடுத்திருந்தால் அந்த முடிவை எடுக்க ஐடிவிக்குக் காரணமே இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

மணியோசை:
கொடுத்த இரண்டு வருஷத்தில் டிக்சன் என்ன செய்தார் என்று பாருங்கள். டிவியில் கதையைத் தொடங்கி, டிவி நின்ற பிறகு ஹாலில் தொடர்ந்தார். நாகசாகி ராபி புரூக்சைடை ஹிப்னாடிசம் செய்து தன் பக்கம் இழுத்த கதையைப் பார்க்க, க்ராய்டன் ஃபேர்ஃபீல்டு ஹாலுக்கு ஜனம் திரும்பத் திரும்ப வந்தது. கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் நாகசாகி யார் என்று அந்த ஜனத்துக்கு எப்படித் தெரியும்? 1977-ல் வுல்வர்ஹாம்ப்டனில் தானாக மாஸ்க்கைக் கழற்றியதை ஜாயிண்ட் ஒளிபரப்பில் நாடே பார்த்தது. டிக்சன் அறுவடை செய்த வயலில் உழுதது யார் என்பதுதான் என் வாதம்.

புதுமுகம்:
எனக்கு ஒரு சந்தேகம். 1992-ல் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் டேவி பாய் ஸ்மித் பிரெட் ஹார்ட்டை ஜெயித்த மேட்ச் மட்டும்தான் நான் பார்த்தது. 80,000 பேர் என்று அறிவித்தார்கள். பிரிட்டனில் மல்யுத்தத்துக்கு ஆளே இல்லை என்று ஐடிவி நிறுத்தி நாலு வருஷம்கூட ஆகவில்லையே?

மணியோசை:
டேவி பாய் வாரிங்டன் பக்கத்துப் பையன். டெட் பெட்லி என்ற பழைய மல்யுத்தக்காரரிடம் தொழில் கற்றவர். பதினைந்து வயதில் முதல்முறை டிவியில் ஆடியது ஜாயிண்ட் ஷோவில். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி.

கட்டாரி:
சேர்த்துக்கொள்கிறேன், ஐயா. அந்தப் பையன் பிக் டாடிக்கு டேக் கூட்டாளியாக அடி வாங்கிக்கொண்டிருந்தவன். பெட்லியிடமே கற்ற அவன் சொந்தக்காரன் டைனமைட் கிட் 1978-லேயே கனடாவுக்குப் போய்விட்டான். 1981-ல் இவனும் போனான். அந்த வருஷம் வெம்ப்ளியில் கடைசி ஆட்டம் யாருடையது என்று பிடிவாதக்காரன் மேலே எழுதியிருக்கிறார்.

பிடிவாதக்காரன்:
அந்த இரண்டு பையன்களும் இங்கே ஆடிய பழைய ஆட்டங்களின் வீடியோ என்னிடம் சில இருக்கின்றன. மணியோசை ஐயா, ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். டைனமைட் கிட் பிடி போடும்போது கைவிரல் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.