மல்லேஸ்வரம் வீடு: குடும்பக் குழு

காயத்ரி: [படம்] அப்பாவின் தொட்டி ஆலமரம் இலை கொட்டிக்கொண்டே இருக்கிறது. இன்று பெருக்கியது ஒரு முறம் இருக்கும். ஆவணியில் அப்பாவின் வருஷாப்திகத்துக்கு, முதல் வருஷத் திதிக்கு, எல்லோரும் வரும்போது மொட்டையாக நிற்குமோ என்று பயமாக இருக்கிறது. வசந்தா அக்கா, கொஞ்சம் பாருங்களேன்.

நந்து: ஐயோ, தாத்தா மரம்

சேகர்: அப்போதே சொன்னேன். ஜெயநகரில் எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் மாடியில் வெளிச்சத்தில் நின்றிருக்கும்.

முரளி: அண்ணா, இப்போது அது வேண்டாமே.

வசந்தா: உதிர்வது மஞ்சள் இலையா, பச்சையா? தொட்டி எங்கே இருக்கிறது?

காயத்ரி: இரண்டும். ஹாலில், அப்பா படத்துக்குப் பக்கத்தில். [படம்] காம்பு இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. எறும்பும் ஏறுகிறது.

வசந்தா: அது மாவுப்பூச்சி. சாறு உறிஞ்சி இனிப்பு நீர் விடும், அதற்குத்தான் எறும்பு வருகிறது, பூச்சியைக் காவலும் காக்கும். ஆனால் இவ்வளவு இலை கொட்ட அது மட்டும் காரணமாக இருக்காது. ஊதுபத்திக் குச்சியை மண்ணில் ஆழமாகக் குத்திக் கொஞ்ச நேரம் கழித்து எடு. அப்புறம் ஒரு சின்னக் கிளையில் நகத்தால் லேசாகச் சுரண்டு.

முரளி: திதி செய்துவைக்கும் வாத்தியாருக்குத் தேதி சொல்லியாகிவிட்டது. சமையலுக்கு யார், இன்னும் முடிவாகவில்லை.

சேகர்: போன தடவை வந்தவர் வேண்டாம். ரசம் வெந்நீர்.

காயத்ரி: குச்சி சேறாக வந்தது, ஒரு நாற்றம். சுரண்டிய இடம் பச்சை, பாலும் கசிந்தது.

வசந்தா: பால் வந்ததா? மரம் உயிரோடு இருக்கிறது, பயப்படாதே. அந்தப் பால் கையில் பட்டால் அரிக்கும், கழுவிவிடு. நாற்றம் என்றால் வேர் அழுகல். வேருக்கும் காற்று வேண்டும் காயத்ரி. மண்ணில் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறிச் செத்து அழுகும். அழுகிய வேர் உறிஞ்சாது. ஈரத்தில் நின்றுகொண்டே மரம் வாடும், வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். இந்த ஆடித் தூறலில், வெளிச்சம் குறைந்த ஹாலில், மண் காயவே காயாது. தினம் யார் ஊற்றுகிறார்கள்?

காயத்ரி: அம்மாதான். பூஜை முடிந்ததும் தீர்த்தத்தை அதில் விடுவார். மத்தியானம் ஒரு சொம்பு தண்ணீரும்.

நந்து: பாட்டியா 😢

முரளி: அம்மாவிடம் இதை யார் சொல்வது?

சேகர்: வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வசந்தா: அதை அப்புறம் பேசுவோம். முதலில் அடித்தட்டில் நிற்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டியைப் பால்கனிக்கு மாற்று. நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும். பஞ்சுப் பூச்சியைக் காது குடையும் பட்ஸில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடு. சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்பு நீர், நன்றாகக் கலக்கி இலையின் அடிப்பக்கமும் படத் தெளி. வாரம் ஒருமுறை. ஹெசரகட்டா தோட்டக்கலை நிறுவனத்தின் வேப்ப சோப்பு கிடைத்தால் அதுவும் சரி. உரம் மட்டும் போடாதே, நோயில் இருக்கிற வேர் தாங்காது.

நந்து: அவ்வளவுதானா அத்தை?

வசந்தா: முக்கியமானதே இனிமேல்தான். தொட்டியிலிருந்து எடுத்து வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் நல்ல வேர். கறுத்து, தொட்டால் தோல் கையோடு வழுகி வந்தால் செத்தது, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டிவிட வேண்டும். ஓட்டைக்கு வலை வைத்து, செங்கல் ஜல்லியும் பெருமணலும் கூடுதலாகக் கலந்த மண்ணில் நட வேண்டும். அதன் பிறகு மேல்மண் காய ஆரம்பித்தால்தான் தண்ணீர்.

சேகர்: பொடி ஜல்லி எங்கள் மாடியில் இருக்கிறது. சலித்துக் கொண்டுவருகிறேன். லால்பாக் கண்காட்சியில் அப்பா அந்த மரத்தை வாங்கியபோது நான்தான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

முரளி: நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

சேகர்: நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

காயத்ரி: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள். வத்தக்குழம்பு வைக்கிறேன்.

நந்து: நான் வருகிறேன் சித்தி. ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ இருக்கிறது.

வசந்தா: சேகர், வெயில் ஏறும் முன்னால் வா. வேர் வெளியே இருக்கும்போது காயக் கூடாது.

சேகர்: பத்து மணிக்கு முன்னால் முடியாது. சரி பார்க்கிறேன். தேறிய பிறகு எங்கே வைப்பது என்பதையும் அன்றைக்கே பேச வேண்டும்.

முரளி: அண்ணா...

காயத்ரி: தீர்த்தத்தை இனிமேல் துளசிக்கு விடச் சொல்லலாமா அக்கா? அம்மா மனசு நோகாமல்?

வசந்தா: சொல்லலாம். நான் சாயங்காலம் போன் செய்கிறேன். இல்லாவிட்டால் நேரில்.

முரளி: சமையலுக்கு யார் என்று யாராவது சொல்லுங்கள்.