புதுப்பிப்பு: அண்ணனை மன்னித்தேன், ஜாமீன் நிற்கவில்லை

என்னிடம் வாங்கிய பெருந்தொகையைத் திருப்பித் தராத அண்ணன், இப்போது வங்கிக் கடனுக்கு என்னை ஜாமீன் நிற்கக் கேட்கிறார். மன்னிப்பது என்றால் இதற்கும் இணங்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பைபிளில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னவர்களுக்கு நன்றி.

அதில் இயேசு சொன்ன உவமையில், ஒரு வேலைக்காரனுக்கு ராஜா மன்னித்த கடன் 10,000 தாலந்து (அக்காலப் பண அளவு). மன்னிப்புப் பெற்றவனோ 100 வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம் என்பதால், முதற்கடன் மற்றதைவிட 6 லட்சம் மடங்கு பெரியது. ஆண்டவர் எனக்கு மன்னித்ததன் முன் அண்ணனின் கடன் எவ்வளவு சிறியது என்பதை இந்தக் கணக்கே எனக்கு உணர்த்தியது.

குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் பேசச் சொல்லும் அதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்தின்படி, பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து பெர்ரியில் பட்டர்வொர்த் சென்று அண்ணனைத் தனியாகச் சந்தித்தேன். அவர் செய்தது என்னை எவ்வளவு வருத்தியது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, "அண்ணே, அந்தப் பணத்தை இனி நான் கேட்கமாட்டேன்" என்றேன்.

ஜாமீனுக்கு மட்டும் மறுத்துவிட்டேன். பிறர் கடனுக்குப் பிணைப்பட வேண்டாம் என்று நீதிமொழிகள் 22:26 எச்சரிக்கிறது. மன்னிப்பை உடனே கொடுக்கலாம், நம்பிக்கையோ நடத்தையைப் பார்த்தே திரும்பும் என்பது என் உறுதியான கருத்து. அண்ணன் கோபித்துக்கொண்டார். அண்ணியுடன் பேச்சு தொடர்கிறது. கிறிஸ்துமஸ் விருந்துக்குக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறேன்.