செங்கோட்டையைச் சுற்றியே வாரம் ஒரு புது அனுபவம்: எதில் தொடங்கலாம்?

கேள்வி:
சொந்த ஊர் செங்கோட்டை. ஞாயிறுதோறும் இதுவரை செய்யாத ஒன்று, செலவு 200 ரூபாய்க்குள். குற்றாலம் வேண்டாம். அண்ணாச்சிமார் வழி சொல்லுங்க.

பதில் 1:
தம்பி, கேரளப் பக்கம் இருக்கிற பதின்மூன்று கண் (வளைவு) ரயில் பாலத்தில் தொடங்குங்க. அது செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையில் இருக்கு; 1904-ல் வந்த மீட்டர் கேஜ் பாதை, 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தது. ரயிலில் மட்டும் போனால் கண்கள் தெரியாது, நம் காலடியில்தானே இருக்கும்! அதனால் புனலூர் வரை ரயில், திரும்ப பஸ். புனலூரில் கல்லடையாற்றின் தொங்கு பாலத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். வரும்போது கழுதுருட்டி தாண்டியதும் இறங்குங்க, பாலம் சாலையோரமே. கருங்கல் தூணடியில் நின்று அண்ணாந்து பார்க்கணும், அதுதான் அழகு. தண்டவாளத்தில் மட்டும் ஏறாதீங்க. ரயில்கள் குறைவு, நேரத்தை முதல் நாளே பாருங்க.

பதில் 2:
ஜூலை, ஆகஸ்ட் என்றால் தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல். பலரும் ஏமாறுவது ஒரே இடத்தில்: மொட்டுதான் வெயிலோடு திரும்பும், முற்றிய பூ கிழக்கு பார்த்தே நிற்கும். காலையில் வயலுக்குக் கிழக்கே நில்லுங்க. மேற்கே நின்றால் முதுகுதான். வரப்பில் இறங்கும் முன் வயல்காரரிடம் கேளுங்க.

பதில் 3:
பாலருவி நீர்வீழ்ச்சிக்குப் போக நினைத்தாலும், மழை கொட்டினால் அதை மூடிவிடுவார்கள், திட்டமே கெடும். அந்த ஞாயிறுக்கு மலையாள எழுத்து கற்பதை வைத்துக்கொள்ளுங்க. கேரள பஸ் போர்டில் கொல்லம், புனலூர், தென்மலை என்று தெரிந்த ஊர்ப்பெயர்களில் தொடங்கினால் எழுத்து சீக்கிரம் பிடிபடும். நோட்டும் பேனாவும் போதும், செலவே இல்லை.