முன்சாய்ந்த கீழ் ஞானப்பல்: வெட்டிய பிறகும் பல் பிளக்காமல் ஓரம் மட்டும் உடைவது ஏன்?

பல்மாணவி:
பயிற்சியில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல். பல் முன்பக்கம் சாய்ந்து இரண்டாம் கடைவாய்ப்பல்லில் முட்டி நிற்கிறது. ஃபிளாப் (ஈறு மடல்) தூக்கி, எலும்பில் பள்ளம் எடுத்து, கிரவுனில் (பல்லின் தலைப்பகுதியில்) பர் (சுழன்று வெட்டும் முனை) ஓட்டியாயிற்று. எலிவேட்டரை (பல்லை நெம்பும் கருவி) திருப்பினால் ஓரத்துச் சில்லு மட்டும் வருகிறது. எலும்பு எடுத்தது போதவில்லையா, பல்லில் வெட்டு போதவில்லையா? நாக்கு நரம்பை நினைத்தால் பரை ஆழமாக இறக்கப் பயம்.

கீழ்த்தாடை:
வெட்டைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். கன்னப் பக்கமிருந்து நாக்குப் பக்கம் நோக்கி முக்கால் பங்கு அகலம் வரை வெட்டு போக வேண்டும். கடைசிக் கால் பங்கைப் பர் தொடக்கூடாது, அது எலிவேட்டருக்கு. கீழே வேர்கள் பிரியும் இடத்தை எட்டாமல் மேலே மட்டும் கீறிவிட்டுத் திருப்பினால் சில்லுதான் வரும். பரின் வெட்டும் தலை எத்தனை மில்லிமீட்டர் என்று முன்பே அளந்து வைத்துக்கொண்டால் ஆழம் குத்துமதிப்பாக இருக்காது.

702 எண் பர் 1.6 மி.மீ. தடிமன், வெட்டின் பிளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பிளவில் நேரான எலிவேட்டரைக் கடைசி வரை இறக்கி, அதன் அச்சிலேயே மெதுவாகச் சுழற்றுங்கள். பிளவின் மேல் விளிம்பிலேயே நுனியை வைத்து நெம்பினால் விளிம்புதான் பெயரும். சரியாகப் பிளந்தால் 'டக்' என்று கேட்கும். பின்பாதியை முதலில் எடுங்கள்; அந்தக் காலி இடத்துக்குள் முன்பாதி பின்னோக்கிச் சுழன்று, முட்டல் விட்டு வரும்.

அதன்பிறகும் அசையவில்லை என்றால்தான் எலும்பு எடுத்தது போதவில்லை என்று பாருங்கள். கன்னப் பக்கமும் பின்பக்கமும் கிரவுனின் பெருத்த பகுதிக்குக் கீழே வரை பள்ளம் தெரிய வேண்டும். நாக்குப் பக்க எலும்பைத் தொடாதீர்கள். கையில் பலத்தைக் கூட்டுவது மட்டும் வேண்டாம். தாடைக்கோணம் உடைவது அப்படித்தான்.

வாய்முகஅறுவை:
மேலே சொன்னது சரி. ஆனால் நாக்கு நரம்புக்கு ஆபத்து பரில் மட்டும் இல்லை, கத்தியிலேயே தொடங்குகிறது. தாடையின் பின்பகுதி வெளிப்பக்கம் விரிந்து போகிறது. பல் வரிசையின் நேர்கோட்டிலேயே பின்னால் கீறினால் கத்தி எலும்பை விட்டு நாக்குப் பக்கம் இறங்கிவிடும். விரலால் எலும்பைத் தடவிப் பார்த்து, கன்னப் பக்கம் திருப்பிக் கீறுங்கள்.

இன்னொன்று: வழக்கமான ஏரோட்டரை (காற்றில் சுழலும் பல் துளைக்கும் கருவி) இதற்கு எடுக்காதீர்கள். அதன் தலைப்பக்கம் முன்னோக்கி வெளியேறும் காற்று ஃபிளாப்புக்குள் புகுந்து கன்னமும் கழுத்தும் வீங்கும், தொட்டால் நறநறக்கும். நேரான சர்ஜிக்கல் ஹேண்ட்பீஸ்தான் சரி. சலைன் நிற்காமல் விழ வேண்டும். 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புச் செல்கள் சாகும். தையலுக்கு முன் ஃபிளாப்பின் அடியிலும் பீய்ச்சிக் கழுவுங்கள். அங்கே தங்கும் எலும்புத்தூள்தான் பிறகு சீழாகிறது.

வகுப்பாசிரியர்:
கேஸ் தேர்விலேயே பாதிச் சிக்கல் தீரும். பெடர்சன் மதிப்பெண் (பல் எடுப்பது எவ்வளவு கடினம் என்ற கணக்கு) 3, 4 வந்தால் மாணவர்கள் எடுக்கலாம். 7 தாண்டினால் வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பின்சாய்ந்த பல் எக்ஸ்ரேயில் சாதுவாகத் தெரியும், அதை நம்பாதீர்கள்: அது வெளியேறும் வழியே தாடையின் பின்பகுதிக்குள் போகிறது. ஓபிஜியில் (முழுத் தாடை எக்ஸ்ரே) கீழ்த்தாடை நரம்புக் குழாயின் வெள்ளைக்கோடு வேரின் மேல் அறுந்திருந்தாலோ, வேர் கருத்திருந்தாலோ, குழாய் திசை மாறியிருந்தாலோ, சிபிசிடி (முப்பரிமாண ஸ்கேன்) பார்க்காமல் கத்தி எடுக்க வேண்டாம்.

பல்மாணவி:
நன்றி. வேர்நுனி உடைந்து குழாயருகே தங்கிவிட்டால்?

வாய்முகஅறுவை:
நுனி சிறியது, ஆழத்தில் இருக்கிறது, அசையவில்லை, சீழ் இல்லை என்றால் தோண்டாமல் விடலாம். நோயாளியிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதி, எக்ஸ்ரே எடுத்து வையுங்கள். ஆடுகிற நுனியைக் கீழ்நோக்கி அழுத்தாதீர்கள், குழாய்க்குள்ளோ நாக்குப் பக்கம் எலும்புக்கு வெளியேயோ போய்விடும்.